35 டன் காந்தத்தைப் பூப்போல இறக்குவது

35 டன் சுமையைத் தூக்குவது இன்றைய பொறியியலில் பெரிய காரியம் அல்ல. நல்ல கிரேன் ஒன்று இருந்தால் போதும். ஆனால் அந்தச் சுமை 15 மீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பொருளாக இருந்து, அதைப் பூமிக்கடியில் கொண்டுபோய், ஒரு குறுகலான குழாய்க்குள் கிலோமீட்டர் கணக்கில் நகர்த்தி, கடைசியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகாமல் உட்கார வைக்க வேண்டும் என்றால் கதை மாறிவிடுகிறது. அதையும் 1,232 முறை செய்ய வேண்டும்.

ஜெனீவாவுக்கு அருகே, சுவிட்சர்லாந்து–பிரான்ஸ் எல்லையின் கீழே செர்ன் ஆய்வகம் அமைத்த, புரோட்டான்களை ஒன்றோடொன்று மோதவிட்டு ஆராயும் பெரும் ஹாட்ரான் மோதுவியின் கணக்கு இது. ஏறத்தாழ 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்களை வளைத்து ஓட்டுபவை இருமுனைக் காந்தங்கள். அவைதான் அந்த 1,232.

சிக்கலின் வேர் சுரங்கத்தின் பழைய வரலாற்றில் இருக்கிறது. அது இந்தக் காந்தங்களுக்காகத் தோண்டப்பட்டதே அல்ல. 1980களில் எலெக்ட்ரான்–பாசிட்ரான் மோதுவி ஒன்றுக்காக வெட்டப்பட்டது. அதில் ஓடிய எலெக்ட்ரான்களின் ஆற்றல் ஒப்பளவில் குறைவு என்பதால் அவற்றை வளைக்க வலுக்குறைந்த காந்தமே போதும். அந்தக் காந்தங்களின் உடலில் எஃகுத் தகடுகளுக்கு இடையே கான்கிரீட்டைக்கூட நிரப்பியிருந்தார்கள். பல மடங்கு ஆற்றலோடு ஓடும் புரோட்டானுக்கு அந்தச் சலுகை கிடையாது. கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீகடத்திச் சுருள், அதைச் சுற்றி இரும்பு, அதைச் சுற்றி வெற்றிடக் கலம் என்று காந்தம் பருத்துவிட்டது. சுரங்கத்தின் விட்டமோ பெரும்பகுதியில் 3.8 மீட்டர்தான். அதில் ஒரு பக்கச் சுவரை ஒட்டி, காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியக் குழாய்த் தொடர் ஓடுகிறது. அதற்கு முன்னால் காந்த வரிசை. மிச்சமிருக்கும் ஒடுங்கிய இடம்தான் பாதை. ஏற்கெனவே பொருத்தப்பட்ட காந்தங்களை உரசாமல் அடுத்த காந்தம் அந்த வழியாகப் போக வேண்டும். இடைவெளி சில சென்டிமீட்டர்தான்.

முதலில் உள்ளே நுழைய வேண்டுமே? வழக்கமான செங்குத்துக் குழிகள் வட்டமானவை. 15 மீட்டர் நீளத்தைக் கிடைமட்டமாகவே இறக்க, சுமார் 50 மீட்டர் ஆழத்துக்கு நீள்வட்ட வடிவில் தனியாக ஒரு குழி வெட்டினார்கள். அதன் அடி மோதுவியின் வளையத்தைத் தொடுவதில்லை. வளையத்துக்குள் புரோட்டான்களைச் செலுத்துவதற்கான இணைப்புச் சுரங்கம் ஒன்றில்தான் போய் முடிகிறது. காந்த வண்டிகள் அந்தச் சுரங்கத்தையே சாலையாகப் பயன்படுத்தின. எனவே வண்டிகள் ஓடி முடியும்வரை அங்கே சொந்தக் கருவிகளைப் பொருத்த முடியவில்லை. இதே வேலையைச் செய்யும் இன்னொரு இணைப்புச் சுரங்கம் 2004 அக்டோபரிலேயே துகள் கற்றையைச் சோதித்துவிட்டது. சாலையாக மாறிய இதற்கு 2007 அக்டோபரில்தான் அந்த வாய்ப்பு வந்தது.

முதல் காந்தம் 2005 மார்ச் 7 அன்று இறங்கியது. குழியின் அடியில் காத்திருந்த வண்டி, தரையில் வரைந்த கோட்டை ஒளியுணர்கருவியால் பின்பற்றித் தன்னைத் தானே நேராக வைத்துக்கொண்டது. மனிதக் கை திருப்பினால் சில சென்டிமீட்டர் இடைவெளியைக் கிலோமீட்டர் கணக்கில் காப்பாற்ற முடியாது. வேகம் மணிக்குச் சுமார் 3 கிலோமீட்டர், அதாவது நாம் சாவகாசமாக நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. சுரங்கம் சமதளமும் அல்ல. பாறையின் அமைப்பைக் கருதி முழு வளையத்தையும் 1.4 விழுக்காடு சாய்த்துத் தோண்டியிருக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத சரிவுதான். ஆனால் சரிவு மிகுந்த இடத்தில் 35 டன் காந்தத்தை ஏறக்குறைய அரை டன் விசை கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். வண்டியின் எடை இதில் சேரவில்லை.

இத்தனை மெதுவாகப் போவதற்கு இடநெருக்கடி மட்டும் காரணம் அல்ல. என்னைப் பொறுத்தவரை இந்த முழு வேலையின் மையச் சிக்கல் காந்தத்தின் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. சுருளும் இரும்பும் சேர்ந்த உள்ளுடல் 1.9 கெல்வினில், அதாவது மைனஸ் 271 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இயங்க வேண்டும். வெளிக்கலம் அறை வெப்பநிலையில் இருக்கும். மொத்த எடையின் பெரும்பகுதி உள்ளுடலில்தான் இருக்கிறது. அதை எதன் மீது நிறுத்துவது? எஃகுத் தூண் வைத்தால் அதன் வழியே வெப்பம் உள்ளே பாய்ந்து குளிர்விக்கும் செலவு எங்கோ போய்விடும். ஆகவே கண்ணாடி இழையும் எப்பாக்சிப் பிசினும் கலந்த, சுவர் மெலிந்த மூன்றே குட்டைத் தூண்கள். செங்குத்தான எடையை அவை நன்றாகவே தாங்கும். பக்கவாட்டில் குலுக்கினால்தான் ஆபத்து. குளிருக்கு எது நல்லதோ அதுவே பயணத்துக்குப் பகை. எனவே போக்குவரத்தின்போது உள்ளுடலை இரு முனைகளிலும் தற்காலிகத் தாங்கிகளால் இறுக்கிக் கட்டினார்கள். அதிர்வைப் பதிவுசெய்யும் கருவிகளையும் பயன்படுத்தினார்கள். கிரேன் தூக்கும் கணத்திலோ வண்டி நிற்கும் கணத்திலோ ஒரு குலுக்கல் எல்லை மீறினால், வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே காந்தம் கெட்டிருக்கக்கூடும்.

அடுத்த தலைவலி வரிசை. எல்லாக் காந்தங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றினாலும், ஒவ்வொன்றின் காந்தப்புலத்திலும் வடிவத்திலும் நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. இவற்றை அளந்து, ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்படி எந்தக் காந்தம் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஆக, ஒவ்வொரு காந்தத்துக்கும் வளையத்தில் ஒரு முகவரி உண்டு. ஒற்றைத் தடச் சுரங்கத்தில் ஒரு வண்டியை இன்னொன்று முந்திச் செல்ல முடியாது என்பதையும் சேர்த்து யோசித்தால், மேலே கிடங்கிலிருந்து எதை எப்போது எடுப்பது என்பதே தனிக் கலையாகியிருக்கும் என்பது புரியும். 2004இல் ஹீலியக் குழாய்த் தொடரில் கோளாறுகள் தெரியவந்து அந்த வேலை தள்ளிப்போனபோது, இறங்க முடியாத காந்தங்கள் மேலே குவிந்துகொண்டே போயின.

ஹாம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய எக்ஸ்-கதிர் லேசரின் சுரங்கத்தைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது. அங்கே 12 மீட்டர் நீள முடுக்கித் தொகுதிகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். தரை பாதைக்கு. புதிதாகத் தோண்டுபவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் யோசிக்க முடியும்.

உரிய இடத்தை அடைந்ததும் காந்தம் வண்டியிலிருந்து பக்கவாட்டு நகர்த்திகளுக்கு மாறும். அவை அதை மெல்ல இழுத்து, தரையில் காத்திருக்கும் மூன்று ஜாக்குகளின் மீது இறக்கும். மூன்று என்பது தற்செயல் அல்ல; மூன்று கால் உள்ள எதுவும் ஆடாது. சுமார் 7,000 எண்ணிக்கையிலான இந்த ஜாக்குகள் இந்தூரிலுள்ள அணுசக்தித் துறையின் ஆய்வு மையம் வழியாக இந்தியாவிலிருந்து போனவை. திருகைத் திருப்பினால் 35 டன் ஒரு மயிரிழை அளவுக்கு நகரும்.

எங்கே நகர்த்துவது என்று எப்படித் தெரியும்? துகள் ஓடும் குழாய் கலத்துக்குள் மறைந்திருக்கிறது. மேலே இருக்கும்போதே அந்தக் குழாயின் அச்சை அளந்து, கலத்தின் வெளிப்புறத்திலுள்ள குறிப்புப் புள்ளிகளோடு அதைத் தொடர்புபடுத்தி வைத்துவிடுவார்கள். கீழே சர்வே குழுவினர் அந்தப் புள்ளிகளை மட்டும் பார்த்தால் போதும். இந்தத் தொடர்பு பயணத்தில் சிறிதும் குலையக்கூடாது. மேலே சொன்ன மூன்று தூண்களைப் பற்றிய கவலைக்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு இணைப்பு வேலை. குளிர்விக்கும்போது ஒவ்வொரு உள்ளுடலும் ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர் சுருங்கும். ஆகவே குழாய்கள் துருத்தி போன்ற மடிப்புகளால்தான் இணைகின்றன. வளையம் முழுவதும் பல்லாயிரம் பற்றவைப்புகளும் மின் இணைப்புகளும் தேவைப்பட்டன. கடைசி இருமுனைக் காந்தம் 2007 ஏப்ரல் 26 அன்று இறங்கியது.

2008 செப்டம்பர் 19 அன்று, வளையத்தின் ஒரு பகுதியில் இரு காந்தங்களுக்கு இடையிலிருந்த மின் இணைப்பு ஒன்று பழுதடைந்தது. மின்பொறி ஹீலியக் கலத்தைத் துளைத்தது. டன் கணக்கில் வெளியேறிய ஹீலியத்தின் அழுத்தம் சில காந்தங்களைத் தரைப் பிடிமானத்திலிருந்தே பெயர்த்துத் தள்ளியது. இப்போது எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டியிருந்தது: இணைப்புகளை அறுத்து, ஜாக்கிலிருந்து தூக்கி, அதே குறுகிய பாதையில் மேலே கொண்டுவர வேண்டும். 39 இருமுனைக் காந்தங்களும், துகள் கற்றையைக் குவிக்கும் 14 நான்முனைக் காந்தத் தொகுதிகளுமாக மொத்தம் 53 வெளியே வந்தன. அவற்றின் இடத்துக்கான கடைசிக் காந்தம் 2009 ஏப்ரல் 30 அன்று கீழே இறங்கியது. அழுத்தத்தை வெளியேற்றும் வழிகளைக் கூட்டினார்கள். தரைப் பிடிமானங்களையும் வலுப்படுத்தினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 20 அன்று புரோட்டான்கள் மீண்டும் சுற்றத் தொடங்கின.