ஹெட்லைட் அசெம்பிளி: சபையும் அல்ல, தலையும் அல்ல

‘உங்கள் காருக்குச் சரியான தலை ஒளி சட்டசபையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?’ உதிரிப் பாகம் விற்பவர்கள் தமிழில் தருகிற விளக்கங்களில் இப்படி ஒரு தலைப்பை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். உள்ளே போனால், ‘பழைய சட்டசபையை அகற்றிவிட்டுப் புதிய சட்டசபையைப் பொருத்தவும்’ என்று இருக்கும். ஹெட்லைட் அசெம்பிளி, அதாவது காரின் முன்னால் இருக்கும் பெரிய விளக்கின் கூடு, கண்ணாடி, பிரதிபலிப்பான் எல்லாம் சேர்ந்த முழுப் பாகம், இப்படிச் சட்டசபை ஆகியிருக்கிறது. வாக்காளர்கள் செய்ய வேண்டிய வேலையை மெக்கானிக் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

எந்திர மொழிபெயர்ப்புதானே, சிரித்துவிட்டுப் போகலாம் என்றால், எந்திரம் எழுதியதை மனிதர்களும் எடுத்தாள ஆரம்பித்துவிட்டார்கள். கார் பராமரிப்பு பற்றித் தமிழில் எழுதுகிற சிலருக்குச் ‘சட்டசபை’ கொஞ்சம் உறுத்தியிருக்கிறது. அதனால் ‘தலைவிளக்குச் சபை’ என்று சுருக்கிக்கொண்டார்கள். சட்டம் போய்விட்டது, சபை கலையவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஹெட்லைட்டில் வருகிற ‘ஹெட்’ முன்பக்கத்தைக் குறிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினின் முகப்பில் மாட்டிய விளக்குக்கு வழங்கிய பெயர், பிறகு மோட்டார் வண்டிக்கும் வந்தது. அசெம்பிளியின் வேர் லத்தீன்; அதன் நடுவில் இருக்கும் ‘சிமுல்’ என்பதற்கு ஒருசேர என்று பொருள். ஆட்கள் ஒருசேரக் கூடினாலும் அசெம்பிளி, பாகங்களை ஒருசேரப் பூட்டினாலும் அசெம்பிளி. தமிழ் இங்கே பிரித்துப் பேசும். ஆள் கூடினால் அவை, சபை, மன்றம். பொருள் கூடினால் தொகுதி, தொகுப்பு, கோவை. இதைப் பார்க்காமல் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டதன் விளைவுதான் காருக்குள் சட்டசபை.

சபையைத் தள்ளுவது எளிது. ‘தலைவிளக்கு’ அப்படியல்ல, அதற்குப் படித்தவர்களின் ஆதரவு இருக்கிறது. தலை என்றால் முதன்மை, ‘செல்வத்துள் எல்லாம் தலை’ என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார், தலைநகர், தலைமகன், தலைவாசல் எல்லாம் இருக்கும்போது தலைவிளக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். அதிலும் தலைவாசல் வலுவான சான்று, ஏனென்றால் அது வீட்டின் முன்பக்கம் இருப்பது. ஆனால் அங்கேயும் தலை என்பது முன்பக்கத்தைச் சொல்லவில்லை, முதன்மையைத்தான் சொல்கிறது. வீட்டுக்குப் பல வாசல் இருக்கலாம், அதில் தலையாயது தலைவாசல். தலைநகர் நாட்டின் முன்பக்கத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

காரின் தலையாய விளக்கு அதுதானே, அப்படியாவது வைத்துக்கொள்ளலாமே என்றால், இன்னொரு சிக்கல் வருகிறது. கையில் எடுக்கிற பொருளின் பெயருக்கு முன் ‘தலை’ வந்தால் தமிழ்க் காதுக்கு என்ன கேட்கிறது? தலைக்கவசம், தலைப்பாகை, தலையணை. எல்லாம் தலைக்கானவை. தலைவாழை இலை போல விலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புதிதாக ஒரு சொல்லைக் கேட்கிறவர் பெரிய கூட்டத்தோடுதான் சேர்த்துப் புரிந்துகொள்வார். அப்புறம், தலையில் மாட்டுகிற விளக்கு என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. சுரங்கத் தொழிலாளி, மலையேறுகிறவர், அறுவை மருத்துவர் எல்லோரும் நெற்றியில் கட்டிக்கொள்வது. அதற்குத்தான் தலைவிளக்கு என்ற பெயர் அச்சில் வார்த்ததுபோல் பொருந்துகிறது. அதைக் காருக்குத் தானம் செய்துவிட்டு இதற்கு எங்கே போவது? ‘இரு சக்கர வாகன ஓட்டிகள் இரவில் தலைக்கவசமும் தலைவிளக்கும் இல்லாமல் செல்லக் கூடாது’ என்று எழுதிப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் ஏற்றச் சொல்வதுபோல் இருக்கும்.

இன்னொரு சாரார் ‘முன்விளக்கு’ என்கிறார்கள். தவறில்லை, ஆனால் போதாது. காரின் முன்பக்கம் நான்கைந்து வகை விளக்குகள் இருக்கின்றன: மூடுபனி விளக்கு, திரும்பும்போது சிமிட்டும் விளக்கு, பகலில் எரியும் மெல்லிய பட்டை விளக்கு, நிறுத்தியிருக்கும்போது எரியும் சிறு விளக்கு. எல்லாமே முன் விளக்குகள்தான். முன் என்பது வெறும் திசை. முகப்பு என்பது ஒரு பொருள் தன்னைக் காட்டிக்கொள்கிற பக்கம். முகப்பு அட்டை, கட்டடத்தின் முகப்பு என்றெல்லாம் சொல்வது அதனால்தான். முகம் என்பதே வடசொல் என்று சிலர் கிளம்புவார்கள். வேறு சிலர் அது தமிழ்தான் என்பார்கள். அந்தச் சண்டை தீரும்வரை காரை இருட்டில் ஓட்ட முடியாது. செய்தித்தாள்கள் விபத்துச் செய்திகளில் ‘முகப்பு விளக்கு’ என்றே எழுதிப் பழகி, படிப்பவர்களும் வண்டியின் முன்னால் வழிகாட்டும் அந்தப் பெரிய விளக்கு என்றே புரிந்துகொள்கிறார்கள். நிலைபெற்ற நல்ல சொல்லைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஆக்குவது என்ன வகைத் தமிழ்ப்பணி என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, அசெம்பிளிக்கு வருவோம். எனக்கு ‘தொகுதி’. தொகு என்ற வினையிலிருந்து நேராக வந்தது. எட்டுத்தொகையில் இருக்கும் தொகையும் இதன் உடன்பிறப்பு. தொகுதி என்றாலே தேர்தல் நினைவு வருகிறதே என்பார்கள். சட்டமன்றத் தொகுதியில் மன்றம்தான் அசெம்பிளி, தொகுதி என்பது வாக்காளர்கள் அடங்கிய பரப்பு. சட்டசபையை விரட்டப் போய்த் தொகுதியில் வந்து நிற்கிறேனே என்று எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் பள்ளிப் பாடத்தில் தனிம அட்டவணையின் தொகுதியைப் படித்தவர்கள் யாரும் அங்கே வேட்பாளரைத் தேடவில்லை. சூழல் பார்த்துக்கொள்ளும்.

இதற்குப் போட்டியாக ‘பொருத்துகை’ என்று ஒன்றைச் சிலர் சொல்கிறார்கள். அது செயலின் பெயர். தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டுகிற வேலையைச் சொல்ல நன்றாக இருக்கும். பூட்டி முடித்துப் பெட்டிக்குள் வந்து சேர்கிற பொருளைப் ‘பொருத்துகை’ என்றால், ‘பொருத்துகையைப் பொருத்தவும்’ என்று எழுத வேண்டிவரும். ‘ஒருங்கிணைப்பு’ இதைவிட மோசம். அது குழுக்களும் கமிட்டிகளும் செய்கிற வேலை. பட்டறையில் ‘செட்டு’ என்பார்கள். வாய்க்கு எளிது, எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘ஒரு செட்டு’ என்றால் இடதும் வலதும் சேர்ந்த ஜோடியா, ஒரே பக்கத்து விளக்கின் எல்லாப் பாகங்களுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. காசு கொடுக்கும் இடத்தில் இந்தக் குழப்பம் ஆகாது.

விளக்கு என்ற பிறகு தொகுதி எதற்கு என்ற கேள்விதான் உண்மையில் யோசிக்க வைக்கிறது. தமிழில் விளக்கு என்பது பழைய காலத்திலிருந்தே முழுப் பொருளின் பெயர்தான். குத்துவிளக்கில் தண்டும் தட்டும் அகலும் சேர்ந்தது விளக்கு, எரிவது திரி. திரி மாற்றினால் விளக்கு மாற்றினேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கணக்கில் முகப்பு விளக்கு என்றாலே முழு அசெம்பிளிதான், பல்புதான் திரி. ஆனால் மின்சாரம் வந்தபிறகு பல்பையும் விளக்கு என்று சொல்லிப் பழகிவிட்டோம். ‘விளக்கை மாற்று’ என்றால் எதை மாற்றுவது என்பது இப்போது தெளிவாக இல்லை. ஆகவே பேச்சில் முகப்பு விளக்கு போதும். பாகங்களின் பட்டியலிலும் செய்முறைக் குறிப்பிலும் ‘முகப்பு விளக்குத் தொகுதி’ என்று முழுதாகச் சொல்வதுதான் பாதுகாப்பு.

இந்த வேறுபாடு எல்லாக் காலத்திலும் தேவைப்படவில்லை. அமெரிக்காவில் 1940 முதல் கண்ணாடி, பிரதிபலிப்பான், இழை மூன்றையும் ஒரே கூடாக அடைத்து மூடிய வட்ட விளக்குகள் வந்தன. இழை போனால் மொத்தத்தையும் மாற்றினார்கள். விளக்கு வேறு, தொகுதி வேறு என்று சொல்ல அவசியமே இல்லை. பல்பை மட்டும் தனியே மாற்றக்கூடிய வகைக்கு அங்கே 1983இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு காருக்குக் கார் விளக்கின் வடிவமும் மாறிற்று, பெயர்களும் பிரிந்தன. இப்போது எல்இடி வந்ததும் சக்கரம் திரும்பிவிட்டது. பல தொகுதிகளில் எல்இடி உள்ளேயே பதிந்திருப்பதால், அது போனால் பெரும்பாலும் தொகுதியோடுதான் மாற்ற வேண்டும். ஆலஜன் பல்பு என்றால் பழையபடி பல்பு மட்டும் போதும். ஆகவே எது போனது, பல்பா தொகுதியா என்று முதலில் கேட்கத் தெரிய வேண்டும், அதற்கு இரண்டுக்கும் இரண்டு பெயர் வேண்டும். பல தொகுதிகள் பல்பு இல்லாமலே விற்கப்படுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனால் அடுத்த கூத்து. தொகுதியின் வெளிக்கூட்டை ஆங்கிலத்தில் ஹவுசிங் என்பார்கள். அது ‘வீட்டுவசதி’ ஆகியிருக்கிறது. ‘வீட்டுவசதியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்’ என்றால் வாடகைக்கு வீடு பார்ப்பவர் செய்கிற வேலை. கூடு என்ற இரண்டெழுத்துச் சொல் எங்கே போயிற்று? ஹார்னஸ் எனப்படும் வயர்களின் கட்டு ‘சேணம்’ ஆகிவிட்டது, குதிரைக்குப் பூட்டுவது. பீம் ‘உத்தரம்’ ஆகி, ‘உயர் உத்தரம் வேலை செய்யவில்லை’ என்று கொத்தனாரைக் கூப்பிட வைக்கிறார்கள். ஒளிக்கற்றை என்பது பள்ளி இயற்பியலிலேயே இருக்கிறது. உயர்கற்றை, தாழ்கற்றை என்று எழுதினால் முடிந்தது. பட்டறையில் பிரைட், டிம் என்பார்கள். அதுவும் எனக்குச் சம்மதமே. ‘உத்தரம்’ என்று எழுதுகிறவரைவிட ‘டிம்’ என்று சொல்கிறவருக்குத்தான் பொருள் தெரிந்திருக்கிறது.

எதிர்முனையில் இருக்கிறவர்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆலஜனுக்கு ‘உப்பீனி’ என்பது அழகான ஆக்கம். கிரேக்கத்தில் உப்பைப் பிறப்பிப்பது என்ற பொருளை அப்படியே தருகிறது. வேதியியலில் இருக்கட்டும். பெட்டிமேல் ‘உப்பீனி முகப்பு விளக்கு’ என்று அச்சிட்டால் வாங்குகிறவர் உப்பு எங்கே என்று தேடுவார். பல்பின் வகையைச் சொல்லும் எச்4, எச்7, டி2எஸ் போன்ற குறிகளை மொழிபெயர்க்கவே கூடாது. டி2எஸ், லென்ஸ் வழியே ஒளியைச் செலுத்தும் புரொஜெக்டர் வகைக்கு; டி2ஆர், பிரதிபலிப்பான் வகைக்கு. ஓர் எழுத்து மாறினால் வெளிச்சம் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. இந்தப் புரொஜெக்டரை ‘திரைப்படக் கருவி’ என்று எழுதியிருந்ததையும் பார்த்தேன். காரின் முன்னால் படம் ஓட்டப்போகிறார்கள்போல.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ‘இடது கை போக்குவரத்துச் சட்டசபை’ என்ற இடத்தில்தான். இது வேடிக்கையோடு நிற்கிற பிழை அல்ல. இங்கே கைக்கு வேலையே இல்லை. வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுகிற நாடுகளுக்கான தொகுதி என்பதுதான் பொருள். தாழ்கற்றையின் மேல்விளிம்பு ஓரத்துப் பக்கம் மட்டும் சற்று மேலேறும், ஓரத்தில் நடப்பவர்கள் தெரிவதற்காக. மாற்றுப் பக்கத்துத் தொகுதியை மாட்டினால் அந்த ஏற்றம் எதிரே வருகிறவரின் கண்ணில் போய் அடிக்கும். ஐநா விதிமுறைப்படி ஒப்புதல் பெற்ற விளக்கின் கண்ணாடியில், வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்து உள்ள குறிக்கு அருகிலேயே இதற்கு விடை இருக்கும். விளக்குக்கு எதிரே நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலப்பக்கம் காட்டினால், இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. அம்பே இல்லையென்றால் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. இருமுனை அம்பு என்றால் இரண்டுக்கும் சரி. இதை ‘இடது கை’ என்று எழுதினால், இடது பக்கத்து விளக்குத் தொகுதி என்று நினைத்து ஒருவர் வாங்கிவிடுவார். குற்றம் அவருடையது அல்ல.

மாட்டிய பிறகு சாய்வு சரிபார்ப்பதை ஆங்கிலத்தில் ‘எய்ம்’ என்பார்கள்; அதையும் ‘தலைவிளக்கின் நோக்கம்’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். விளக்குக்கு நோக்கம் எல்லாம் கிடையாது, சாய்வுதான் உண்டு. கூட்டின்மேல் அல்லது அருகில் 1.0% என்று போட்டிருந்தால், 10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் தாழ்கற்றையின் விளிம்பு விளக்கின் மையத்தைவிட 10 செ.மீ. கீழே விழ வேண்டும்.

பக்கத்தைக் குறிக்கும்போது ‘ஓட்டுநர் பக்கம்’, ‘பயணி பக்கம்’ என்பதை அப்படியே மொழிபெயர்க்கிறார்கள். ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து அது மாறும். இடது, வலது என்றே எழுதலாம். உதிரிப் பாக வழக்கில் அது இருக்கையில் அமர்ந்து முன்னே பார்ப்பவரின் இடது வலது. அம்பைப் பார்க்க எதிரே போய் நின்றவர் இதற்குத் திரும்ப உள்ளே வந்து உட்கார வேண்டும்.