ஒரே வங்கியின் நான்கு ரசீதுகள்

லட்சுமி விலாஸ் வங்கியிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற செய்தி 2020 நவம்பரில் வந்தது. மறுநாள் காலை நாகர்கோவிலில் என் அலுவலகத்தைத் திறக்கப் போனபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அந்த வங்கியில் அவருக்குச் சல்லிக்காசு கிடையாது. ஆனாலும் இரவெல்லாம் தூங்கவில்லை. டப்பாவைத் திறந்து நான்கு வைப்பு ரசீதுகளை மேசையில் பரப்பினார். நாகர்கோவிலில் 6 லட்சம், தக்கலையில் 5, திங்கள்சந்தையில் 7, மார்த்தாண்டத்தில் 5.

“ஒரே இடத்தில் போடாமல் பிரித்துத்தான் போட்டிருக்கிறேன், தம்பி” என்றார்.

நான்கு ரசீதிலும் ஒரே வங்கியின் முத்திரை இருந்தது. வங்கி முடங்கினால் வைப்பு வைத்தவருக்குப் பணம் தருகிற வைப்புத்தொகைக் காப்பீட்டுக்குக் கிளைக் கணக்கு கிடையாது. ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் எத்தனை ஊரில் பணம் இருந்தாலும் எல்லாவற்றையும் கூட்டி, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைதான் காப்பீடு. டீச்சரின் 23 லட்சத்தில் 18 லட்சம் வேலிக்கு வெளியே நின்றது. சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. பிறகு கோபமாகக் கேட்டார்: “வங்கிக்காரனுக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிற அரசாங்கம், அதை எங்களுக்கு நேராகக் கொடுத்தால் என்ன?”

ஆடிட்டர் தொழிலில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எனக்கு ஒரு மார்ச் மாதமும் கழிந்ததில்லை. கேட்பவர் குளச்சல் விசைப்படகு உரிமையாளராக இருப்பார், அருமனை ரப்பர்த் தோட்டக்காரராக இருப்பார். கோபம் நியாயமானதுதான். 2017 அக்டோபரில் பொதுத்துறை வங்கிகளின் மூலதனத்தைப் பெருக்க மத்திய அரசு 2.11 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. ஊரடங்கு வந்த 2020-இல் ஜன்தன் கணக்கு வைத்திருந்த 20 கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் வந்தது. கூட்டிப் பார்த்தால் சுமார் 30,000 கோடி. முன்னதில் ஏழில் ஒரு பங்கு. இங்கே ஒரு முந்திரி ஆலைத் தொழிலாளியிடம் இந்த இரண்டு எண்களையும் அருகருகே காட்டினால் அவர் என்ன சொல்வார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆனால் அந்த 500 ரூபாய் வந்து சேர்ந்த குழாயும் வங்கிதான். குழாய் உடைந்தால் நேரடி உதவி எந்த வழியாக வரும்? ஆகவே, ‘வங்கியைக் காப்பாற்றுகிறார்கள்’ என்று யாராவது சொன்னால் நான் உடனே ஐந்தொகையை, அதாவது பேலன்ஸ் ஷீட்டைத் தேடுவேன். வங்கி என்ற பெயருக்குள் பங்குதாரர், கடன்பத்திரக்காரர், வைப்பு வைத்தவர் என்று பலர் இருக்கிறார்கள். அவர்களில் யார் தப்பினார், யார் முழுகினார்?

2020 மார்ச்சில் யெஸ் வங்கி ஆட்டம் கண்டபோது, ஸ்டேட் வங்கி தலைமையில் எட்டு வங்கிகள் 10,000 கோடி போட்டன. வைப்பு வைத்தவர்களுக்குச் சில நாள் திண்டாட்டம், பிறகு பணம் முழுதாகக் கிடைத்தது. 8,400 கோடிக்கு மேற்பட்ட, முதிர்வுத் தேதியே இல்லாத நிரந்தரக் கடன்பத்திரங்கள் மட்டும் ஒரே வரியில் பூஜ்யமாயின. கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ், பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. பங்குதாரருக்கு ஒன்றுமில்லை, வைப்புக்காரருக்கு ஒன்றும் குறையவில்லை. இந்த இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் நடந்ததுதான் கொடுமை. 2019 செப்டம்பரில் முதலில் கையில் கொடுத்தது 1,000 ரூபாய். இணைப்பு நடந்தது 2022 ஜனவரியில். 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களின் மீதிப் பணம் பத்தாண்டு வரை தவணையாக வரும் என்றார்கள். எழுபது வயதுக்காரரிடம் பத்தாண்டுத் தவணை பேசுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

என் கட்சி இதுதான்: பங்குதாரரும் நிர்வாகமும் நஷ்டத்தைச் சுமக்கட்டும், வைப்பு வைத்தவருக்குக் காப்பீடு உடனே கையில் கிடைக்கட்டும். சாதாரண மக்களுக்கு நேரடி உதவி என்றால் இதைவிட நேரடி ஏது? அந்தக் காப்பீடும் நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி கதவடைத்தது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயருக்கும் வங்கியை நடத்தியவர்களுக்கும் இருந்த பகை ஊரறிந்தது. அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராதவர்களின் பணமும் மாட்டிக்கொண்டது. 1960-இல் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகுதான் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1962-இல் வரம்பு 1,500 ரூபாய். 1993-இல் ஒரு லட்சமாகி, 27 வருடம் அங்கேயே நின்று, 2020 பிப்ரவரியில் 5 லட்சமானது. வங்கி முடக்கப்பட்டால் 90 நாளுக்குள் தொகையைக் கொடுக்க வேண்டும் என்ற திருத்தம் 2021-இல் வந்தது. 5 லட்சமும் போதாது. ஒக்கிப் புயலில் கடலில் போனவர்களின் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்தது 20 லட்சம். தூத்தூரிலோ வள்ளவிளையிலோ ஒரு பெண் அதை ஒரே வங்கியில் ஒரே பெயரில் போட்டிருந்தால், இன்றைய கணக்கில் 15 லட்சத்துக்குக் காப்பீடு இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. ‘சொசைட்டி’ என்று நாம் சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக்கு உண்டு. பலகையில் கூட்டுறவு என்று இருந்தாலே இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். சீட்டு, நிதி நிறுவனம், நகைக்கடைச் சேமிப்புத் திட்டம் எதற்கும் இது இல்லை. அப்படி ஒரு நிறுவனம் மஞ்சள் கடுதாசி கொடுத்தால், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் புகார் கொடுத்து, சொத்து முடக்கி, ஏலம் விட்டு, அதில் வரும் பங்குக்குக் காத்திருக்க வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு அப்படிப் போட்டார். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

டீச்சருக்கு வருவோம். மூன்று ரசீதுகளை முன்கூட்டியே முடித்து, வட்டியில் கொஞ்சம் இழந்து, வேறு மூன்று வங்கிகளுக்கும் அஞ்சலகத்துக்கும் பணத்தை மாற்றினார். தக்கலை ரசீதை மட்டும் எடுக்க மறுத்துவிட்டார். வட்டியைச் சேர்த்தால் அதுவும் 5 லட்சத்தைத் தாண்டும் என்றேன்.

“மேனேஜர் என் மாணவன், தம்பி” என்று டப்பாவை மூடினார். “அவனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்ததே நான்தான்.”