'வளர்ச்சி இல்லை' என்றால் கிருமி இல்லையா?

சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிக்கடி அவசரம், அடிவயிற்றில் வலி. சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர் சோதனையின் ரிப்போர்ட்டோ 'கிருமி வளர்ச்சி இல்லை' என்கிறது. இப்படி வெறுங்கையோடு திரும்பியவர்கள், முக்கியமாகப் பெண்கள், ஏராளம். அவர்கள் சொல்லும் வலி உண்மையானது. சோதனை நடக்கும் விதம் தெரிந்தால் சிக்கல் எங்கே என்று புரியும்.

லேபில் நாம் கொடுத்த சிறுநீர் முழுவதையும் சோதிப்பதில்லை. சிறு வளையம் ஒன்றை அதில் தோய்த்து எடுப்பார்கள். அதில் ஒட்டி வருவது பெரும்பாலும் 1 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை அகார் என்ற ஊட்டக்கூழ் நிரப்பிய தட்டில் இழுத்துத் தடவி, உடல் வெப்பத்தில் ஒரு நாள் வைப்பார்கள். உயிருள்ள கிருமி ஒவ்வொன்றும் பெருகி, கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகும். தட்டில் 100 புள்ளிகள் இருந்தால் மில்லிலிட்டருக்கு 1,00,000 கிருமிகள் என்று கணக்கு.

அந்த ஒரு லட்சம்தான் நெடுங்காலம் தொற்றுக்கு எல்லைக்கோடு. 1956இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் முன்வைத்தது. சிறுநீரகத் தொற்றையும், தோலிலிருந்து தற்செயலாகக் கலந்த கிருமியையும் பிரித்தறிய அது நன்றாகவே உதவியது. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கும் அதே கோட்டைப் பிடித்துக்கொண்டதுதான் தவறு. 1982இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் ஸ்டாமின் குழுவினர், எரிச்சலோடு வந்த பெண்களின் சிறுநீர்ப்பையிலிருந்தே நேரடியாக மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். அறிகுறி உள்ளவரிடம் மில்லிலிட்டருக்கு 100 ஈ.கோலை (குடலில் வாழும் ஒரு பாக்டீரியா) வகைக் கிருமிகள் இருந்தாலே தொற்றாகக் கொள்ளலாம் என்று தெரிந்தது. அந்த அளவில் வளையத்தைப் பத்து முறை தோய்த்தால்தான் சராசரியாக ஒரு கிருமி மாட்டும்!

சிறுநீரில் தோய்த்ததும் நிறம் மாறும் பட்டைச் சோதனைக்கும் இப்படி ஓர் ஓட்டை உண்டு. கிருமிகள் சிறுநீரிலுள்ள நைட்ரேட் என்ற வேதிப்பொருளை நைட்ரைட்டாக மாற்றுவதை அது காட்டும். அதற்குச் சிறுநீர் சில மணி நேரம் சிறுநீர்ப்பையில் தங்க வேண்டும். தொற்று வந்தவரால் அவ்வளவு நேரம் அடக்க முடியுமா? எண்டரோகாக்கஸ் போன்ற கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் நேரும்: இல்லாத தொற்று இருப்பதாகத் தெரியும். முதலில் வரும் சிறுநீர் தோலிலுள்ள கிருமிகளை அடித்து வரும். அதனால்தான் நடுப்பகுதியைப் பிடிக்கச் சொல்கிறார்கள். பிடித்ததை வெளியே வைத்திருந்தால் பாட்டிலுக்குள்ளேயே கிருமி பெருகும். 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். இதை யாரும் பொறுமையாக விளக்குவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

2014இல் சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தார் வேறு வழியில் தேடினார்கள். நூறு மடங்கு சிறுநீர், பலவகை அகார், கூடுதல் அவகாசம். 65 மாதிரிகளில் 52இல் கிருமி வளர்ந்தது. அவற்றில் 48, வழக்கமான சோதனையில் 'வளர்ச்சி இல்லை' என்று வந்தவை! தொற்றே இல்லாத பெண்களின் சிறுநீர்ப்பையிலும் கிருமிகள் குடியிருக்கின்றன என்பது இதனால் உறுதியானது. ஆகவே கிருமி தென்பட்டதற்காகவே ஆன்டிபயாடிக் கொடுப்பதும் சரியல்ல. கர்ப்பிணிகள் போன்ற சிலர் மட்டும் விதிவிலக்கு.

எண்ணிக்கை குறைவாகத் தெரிய இன்னொரு காரணமும் உண்டு. ஈ.கோலை சிறுநீர்ப்பைச் சுவரின் செல்களுக்குள்ளேயே புகுந்து கொத்தாகப் பெருகும். எலிகளில் முதலில் கண்ட இதை, 2007இல் தொற்றுள்ள பெண்களின் சிறுநீரில் உதிர்ந்து வந்த செல்களிலும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அப்படியொரு செல் உடையாமல் தட்டில் விழுந்தால், உள்ளே எத்தனை கிருமிகள் நெருக்கியடித்து இருந்தாலும், வளர்வது ஒரே ஒரு புள்ளிதான்.