கடனில் தத்தளிக்கும் சிறுதொழிலுக்கு யாரிடம் யோசனை கேட்பது?

திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் ஒருவர் என் அலுவலகத்துக்கு முதன்முறை வந்தபோது, ஜவுளிக்கடைப் பை ஒன்றில் வங்கிக் கடிதங்களைக் கொண்டுவந்திருந்தார். பதினொன்றில் ஏழு உறைகள் பிரிக்கப்படவே இல்லை. அதற்குள் அவர் மூன்று பேரிடம் யோசனை கேட்டிருந்தார்: கடன் கொடுத்த வங்கியின் மேலாளர், புதுக் கடன் வாங்கிக் கொடுத்தால் இரண்டு சதவீதம் கமிஷன் பெறும் ஏஜென்ட், தையல் மெஷின்களை உடனே விற்றுவிடச் சொன்ன பழைய மெஷின் வியாபாரி. அவர்கள் சொன்னது எதுவும் முழுப் பொய்யில்லை. ஆனால் அவர் எடுக்கும் முடிவில் மூவருக்குமே ஆதாயம் இருந்தது.

ஆடிட்டர்களாகிய எங்களையும் இப்படித்தான் எடைபோட வேண்டும். கடனுக்குப் புராஜெக்ட் ரிப்போர்ட் தயாரித்தவரே அந்தக் கடனைத் தொழில் தாங்குமா என்று பின்னால் நடுநிலையோடு சொல்வது கடினம் என்பதால், அப்படிப்பட்ட வாடிக்கையாளர்களை நான் வேறொரு ஆடிட்டரிடம் அனுப்பிவிடுகிறேன். யோசனை சொல்ல வருபவரிடம் அவருடைய கூலி எதிலிருந்து வருகிறது என்று முதலிலேயே கேளுங்கள். பார்க்கும் வேலைக்கு முன்கூட்டியே பேசிய கட்டணம் என்றால் சரி. கடன் தொகையிலோ செட்டில்மென்ட் தொகையிலோ சதவீதம் என்றால் அவர் தரகர்.

பிரிக்காத உறைகளை நாங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். தவணை தவறி 90 நாள் கடந்தால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்கு முன்பே, நொடிந்துவிடுவோம் என்று அஞ்சும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள், 2015-ல் மத்திய அரசு அறிவிக்கை செய்த மறுவாழ்வு நடைமுறையின்படி, 25 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கியின் குழுவிடம் தாமாகவே விண்ணப்பிக்கலாம். கணக்கு வாராக்கடனாகும்போதும் பேசாமல் இருந்து, அடமானச் சொத்தை மீட்கும் வங்கி நடவடிக்கை முழுதும் முடியும்வரை விட்டுவிட்டுப் பிறகு இந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. முதல் நான்கு உறைகளில் இருந்தவை அந்த 90 நாளுக்குள் வந்த எச்சரிக்கைகள். கடைசி உறையில் இருந்தது, நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி, கடனை 60 நாளுக்குள் கட்டச் சொல்லும் நோட்டீஸ்; அதில் 19 நாள்தான் மீதமிருந்தது. அந்த நோட்டீஸுக்கு எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பதை மூவரில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

வங்கிகள் நடத்தும் நிதி எழுத்தறிவு மையங்களில் ஆலோசனை இலவசம். வரவு செலவை ஒழுங்குபடுத்திக்கொள்ள அது போதும், வங்கியோடே தகராறு என்றால் போதாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களும், பட்டியல் வகுப்பினரும், குறைந்த வருமானம் உள்ளவர்களும் கட்டணமின்றி வழக்கறிஞரைப் பெறலாம்.

யாரிடம் போனாலும் எல்லாக் கடனையும் சொல்லிவிடுங்கள். கைமாற்று, தண்டல், மீட்டர் வட்டி எதையும் மறைக்க வேண்டாம். அந்தப் பனியன் யூனிட்காரர் தம் மனைவியின் நகைக்கடன் சீட்டுகளை மூன்றாம் சந்திப்பில்தான் எடுத்து வைத்தார். அதுவரை போட்ட கணக்கை முதலிலிருந்து மறுபடி போட வேண்டியதாயிற்று.