வயலினுக்குள் உருண்ட குச்சி

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அக்கா வீட்டுக்கு அந்தப் பார்சல் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். ஆன்லைனில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய அரை அளவு வயலின். பெட்டி, வில், வில்லில் தேய்க்கும் ரோசின் எல்லாம் சேர்த்தே அந்த விலைதான். ஏழு வயது அக்கா மகள் அதைத் தூக்கி இப்படியும் அப்படியும் சாய்த்தாள். உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது. "மாமா, இதுக்குள்ள என்னமோ இருக்கு" என்றாள். செய்யும்போது உள்ளே விழுந்த மரத்துண்டாக இருக்கும் என்று நினைத்து அதை அப்படியே விட்டுவிட்டேன். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் தனியாக ஒரு துணியில் சுற்றி வந்திருந்தது. அதையும் வீடியோ பார்த்து நாங்களே நிறுத்தினோம்.

ஆறு வாரம் கழித்து, சிவாஜிநகர் பக்கம் வயலின் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனபோதுதான் விஷயம் தெரிந்தது. உருண்டது ஸவுண்ட் போஸ்ட். பென்சிலைவிட ஒல்லியான ஸ்ப்ரூஸ் மரக் குச்சி. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'ஆன்மா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குள் குழந்தை, "எனக்கு வரல மாமா, நான் பாட்டே கத்துக்கறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கருவியின் குறையைத் தன் குறையாக எடுத்துக்கொண்டுவிட்டாள். பணம் போனதைவிட இதுதான் எனக்கு வலித்தது. மலிவு வயலினில் நான் அஞ்சும் ஆபத்தும் இதுதான். இது எப்படி நடக்கிறது என்று புரிய, வயலினில் நாதம் பிறக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வீணையில் தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டால் அது தானாக அதிர்ந்து அடங்கும். வயலினில் வில் தந்தியை விடாமல் பிடித்து இழுக்கிறது. கொஞ்ச தூரம் தந்தி வில்லோடு ஒட்டிக்கொண்டு போகும், பிறகு சட்டென்று வழுக்கித் திரும்பும், மறுபடி ஒட்டும். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தில் இது நொடிக்கு 440 தடவை நடக்கிறது. கண்ணுக்குத் தந்தி பக்கவாட்டில் உப்பியதுபோல் தெரிந்தாலும், உண்மையில் எந்தக் கணத்திலும் அது இரண்டு நேர்கோடுகளாகத்தான் இருக்கிறது. அவை சேரும் மடிப்பு தந்தியின் இரு முனைகளுக்கும் இடையே ஓடி ஓடித் திரும்புகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை நுண்நோக்கி வைத்துக் கண்டுபிடித்தார்.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் நம்மவர். திருச்சிக்குப் பக்கத்தில் பிறந்த சி. வி. ராமன், ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு வாங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1918இல், கொல்கத்தாவிலிருந்து வில் படும் தந்திகளைப் பற்றி ஒரு முழு ஆய்வு நூலை வெளியிட்டார். மனிதக் கையின் நடுக்கம் கலக்காமல் அளப்பதற்காக இயந்திரத்தால் வாசிக்கப்படும் வயலினையே அமைத்துக்கொண்டார். 1933இல் பெங்களூருக்கு வந்தவர் கடைசிவரை இங்கேதான் இருந்தார். அவர் தொடங்கிய ஆய்வு நிறுவனம் அக்கா வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த வயலின் இயந்திரம்தான் நினைவுக்கு வரும்.

ராமன் அளந்தவற்றில் ஒன்று, நல்ல நாதத்துக்கு வில் குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்பது. அதற்குக் கீழே போனால் தந்தி ஒரு சுற்றில் இரண்டு மூன்று முறை வழுக்கும், சத்தம் சீழ்க்கைபோல் மெலிந்துவிடும். அழுத்தம் மிகவும் கூடினாலும் கெடுதல்: தந்தி நேரத்துக்கு விடுபடாமல் கரகரக்கும். நாதம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வயலின் கற்பவர் முதல் சில மாதங்கள் செய்வதெல்லாம் அந்த நடு இடத்தைக் கையால் தேடுவதுதான். வில் கோணியிருந்தால், மயிர் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்திருந்தால், அந்த இடம் அங்குலத்துக்கு அங்குலம் மாறும். இன்று சரியாக வந்தது நாளை வராது. குழந்தை எதைத்தான் பழகும்?

ரோசினும் இதில் சேர்த்தி. வில்லில் உள்ள குதிரைமயிர் தானாகத் தந்தியைப் பிடிக்காது. பைன் மரப் பிசினிலிருந்து செய்த ரோசின்தான் ஒட்டவும் வைக்கிறது, சரியான நேரத்தில் வழுக்கவும் விடுகிறது. புது வில்லை ரோசின் போடாமல் தந்தியில் இழுத்தால் சத்தமே வராது. புதுக் கட்டியின் மேல்பகுதி கண்ணாடிபோல் இருக்கும்; உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால்தான் மயிரில் பிடிக்கும். இதைச் சொல்ல ஆளில்லாமல், கடை வில்லே உதவாது என்று தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

சரி, அந்தக் குச்சிக்கு வருவோம். வில் தந்தியைப் பக்கவாட்டில் ஆட்டுகிறது. அதனால் பிரிட்ஜும் இரண்டு கால்களில் இடமும் வலமுமாக அசைகிறது: ஒரு கால் மேல்பலகையை அமுக்கும்போது மற்றது தூக்கும். இரண்டும் ஒரே அளவில் எதிரெதிராக அசைந்தால், ஒரு பக்கம் தள்ளிய காற்றை மறுபக்கம் உறிஞ்சிக்கொள்ளும். தாழ்ந்த ஸ்வரங்களில் சத்தம் வெளியே வராது. ஸவுண்ட் போஸ்ட் மெல்லிய தந்திப் பக்கத்துக் காலுக்குச் சற்றுப் பின்னே, மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே நின்று, அந்தக் காலை ஏறக்குறைய அசையாமல் பிடித்துக்கொள்கிறது. மற்ற கால் மட்டும் மேலும் கீழும் இயங்க, பலகை முழுவதும் மூச்சு விடுவதுபோல் அசைகிறது. பசையில்லாமல், வெறும் அழுத்தத்தில் நிற்கிற குச்சி அது. எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால்கூட விழுந்துவிடலாம். முழு அளவு வயலினில் நான்கு தந்திகளும் சேர்ந்து இருபது கிலோ எடைக்கும் மேல் இழுக்கின்றன. பிரிட்ஜ் வழியாக ஏழெட்டு கிலோ மேல்பலகையில் இறங்குகிறது. அந்தப் பலகை மூன்று மில்லிமீட்டர் கனம்தான். குச்சியில்லாமல் தந்தியை முறுக்கினால் பலகை அமுங்கும், விரிசலும் விடும். ஆறு வாரம் எதுவும் உடையாமல் இருந்ததே எங்கள் அதிர்ஷ்டம் என்றார் பெரியவர்.

ஆனால் அக்கா மகளை அழவைத்தது, தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிருடைகள்தான். பிருடை ஆணிபோல் மெல்லச் சரிந்து போகும் கூம்பு: முப்பது மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் குறையும். அது நுழையும் இரண்டு துளைகளும் அதே சரிவில் இருந்தால், உராய்வு மட்டுமே போதும், முறுக்கிய இடத்தில் நிற்கும். இதைக் கைக்கருவியால் ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும், நேரம் பிடிக்கும். விலையைக் குறைக்கும்போது முதலில் காணாமல் போவது இந்த நேரம்தான். பொருந்தாத பிருடை ஒரு துளையில் மட்டும் பிடித்து, கொஞ்ச நேரம் நின்று, பிறகு 'டக்'கென்று நழுவும். ஏழு மில்லிமீட்டர் கனமுள்ள பிருடை பத்து டிகிரி நழுவினால் தந்தி அரை மில்லிமீட்டருக்கு மேல் தளர்கிறது. எஃகுத் தந்தி ஏறத்தாழ ஒரு ஸ்வரஸ்தானம் இறங்க அதுவே போதும். தம்புரா சத்தத்தில் ஸட்ஜமத்தைச் சேர்த்து முடிப்பதற்குள் பஞ்சமம் இறங்கியிருக்கும். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச்சில் காற்று உலரும்போது மரம் சுருங்கி இன்னும் நழுவும். மழைக்காலத்தில் உப்பி இறுகிக்கொள்ளும். நன்றாகக் காயவைக்காத மரத்தில் இது அதிகம். வகுப்பு வீடியோவில் என்பதால், டீச்சர் திரையில் "சுருதி சேரு கண்ணா" என்று சொல்வதும், இவள் சேர்ப்பதும், அது இறங்குவதுமாகவே பாதி நேரம் போயிற்று.

தந்தியின் உயரம் இன்னொரு தொல்லை. பிருடைப் பெட்டிக்குப் பக்கத்தில் தந்திகள் படுத்திருக்கும் சின்ன மேட்டை நட் என்பார்கள். அங்கே தந்திக்கும் அதன் அடியிலுள்ள விரல் பலகைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி போதும். இவள் வயலினில் நான்கைந்து கார்டு நுழைந்தது. உயரம் இரட்டித்தால் விரலால் அழுத்த வேண்டிய விசையும் இரட்டிக்கும். நட்டுக்கு அருகே போகப் போக இன்னும் கூடும். ஆரம்பப் பாடங்களின் ரிஷபம் அங்கேதான் இருக்கிறது. அழுத்தும்போது தந்தி நீள்வதால் சுருதியும் சற்று ஏறிப்போகும். விரல் வழுக்கி அசைய வேண்டிய நம் கமகத்துக்கு இது பெரிய தடை. அவள் விரல் நுனியில் தந்தித் தடத்தோடு கறுப்புச் சாயமும் ஒட்டியிருந்தது. கருங்காலி என்று நாங்கள் நம்பிய பலகை, வெளிர் மரத்தில் பூசிய பெயின்ட்.

பசையும் கவனிக்க வேண்டியது. நல்ல வயலினை விலங்குப் பசையால் ஒட்டுவார்கள், வேண்டும்போது பிரித்துச் சரிசெய்யலாம். பிரிக்க முடியாத கடினப் பசையில் ஒட்டினால், பருவம் மாறும்போது மூட்டு விடுவதற்குப் பதிலாக மரம் பிளக்கும்.

குறைந்த விலை வயலின் எல்லாமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். இயந்திரத்தில் வெட்டிய சாதாரண மரமாக இருந்தாலும், ஒரு கைதேர்ந்தவர் பிருடை, நட், பிரிட்ஜ், போஸ்ட் நான்கையும் பொருத்திக் கொடுத்தால் ஒரு குழந்தை சில வருடம் நன்றாகவே கற்கலாம். எங்களுடையதில் பிருடைத் துளைகளே கோணல். சரிசெய்யும் செலவு வாங்கிய விலையைத் தாண்டும் என்றார் பெரியவர். டீச்சரிடம் படித்து முக்கால் அளவுக்கு மாறிய ஒரு பையனின் பழைய அரை அளவு வயலினை வாங்கிக்கொண்டோம்.

அதை வாங்குமுன் பெரியவரிடமே காட்டினோம். விரல் பலகையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். பிருடையை வெளியே இழுத்து, இரண்டு இடத்திலும் பளபளப்பான வளையம் சமமாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பினார். பிரிட்ஜின் கால்கள் எஃப் வடிவத் துளைகளின் உள்வெட்டுக்கு நேராக நிற்கின்றனவா, அடியில் காகிதம் நுழைகிறதா என்று சோதித்தார். துளை வழியாக டார்ச் அடித்து, நேராக நிற்கும் குச்சியை அவளுக்கும் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவள் வயலினை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். எதுவும் உருளவில்லை. அப்புறம்தான் வில்லைக் கையில் எடுத்தாள்.