பகா எண் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது

இணையத்தில் தகவலைப் பாதுகாக்கப் பயன்படும் 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியை உடைக்க முடியாது என்பது, அதற்குள் இருக்கும் இரண்டு பகா எண்களும் எவராலும் ஊகிக்க முடியாதபடி எடுக்கப்பட்டிருந்தால்தான் உண்மை. இலக்கங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

சாவியின் 617 இலக்க எண், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 309 இலக்கம் கொண்ட இரண்டு பகா எண்களின் பெருக்கல். அவ்வளவு பெரிய பகா எண்கள் அரிதானவை அல்ல. அந்த அளவில் ஒற்றைப்படை எண்களைப் பார்த்தால் சராசரியாக 355க்கு ஒன்று பகா எண். அதனால் மென்பொருள் ஒரு ஒற்றைப்படை எண்ணைக் குலுக்கி எடுக்கிறது, சிறிய பகா எண்களால் வகுபடுகிறதா என்று பார்க்கிறது, பிறகு பகா எண்தானா என்று கணிக்கும் மில்லர்–ராபின் சோதனைக்கு அனுப்புகிறது. அதைவிட எளிய ஃபெர்மா சோதனை மட்டும் போதாது: 341 என்பது 11 × 31, ஆனாலும் 2-ஐ அடிமானமாக (சோதிக்கப் பயன்படுத்தும் எண்ணாக) வைத்தால் அது பகா எண் போலவே தேறிவிடும். மில்லர்–ராபினில், தற்செயலாக எடுத்த ஓர் அடிமானத்திடம் பகு எண் தப்பிக்கும் வாய்ப்பு அதிகபட்சம் நான்கில் ஒன்று. 40 சுற்று ஓட்டினால் அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை.

சிக்கல் பெரும்பாலும் சோதனையில் வருவதில்லை, குலுக்கலில் வருகிறது. 2012-இல் ஆய்வாளர்கள் இணையம் முழுவதும் இருந்து பொதுச் சாவிகளை, அதாவது எல்லோரும் பார்க்கக்கூடிய அந்தப் பெரிய எண்களை, திரட்டினார்கள். டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைய இணைப்புக்கான நெறிமுறை) சர்வர்களில் 0.5 சதவீதத்தின் ரகசியச் சாவி, அதாவது பகா எண்கள் தெரிந்தால் கிடைத்துவிடும் சாவி, அவர்கள் கைக்கு வந்துவிட்டது. பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் போன்ற சாதனங்கள். முதல்முறை மின்சாரம் கொடுத்ததுமே சாவியை உருவாக்கியவை. அந்த நொடியில் சாதனத்திடம் போதுமான தற்செயல் தரவு சேர்ந்திருக்காது. எனவே இரண்டு சாதனங்களுக்கு முதல் பகா எண் ஒன்றாகவே அமைந்து, இரண்டாவது மட்டும் மாறியது.

இது எவ்வளவு ஆபத்து என்பதைச் சிறிய எண்களில் பாருங்கள். ஒரு சாவி 11413, இன்னொன்று 12827. காரணிப்படுத்தத் தேவையே இல்லை, யூக்ளிடின் வகுத்தல் முறையே போதும். 12827-ஐ 11413-ஆல் வகுத்தால் மீதி 1414. 11413-ஐ 1414-ஆல் வகுத்தால் மீதி 101. 1414, 101-ஆல் மீதியின்றி வகுபடும். பொது வகுத்தி 101 கிடைத்ததும் 101 × 113, 101 × 127 என்று இரண்டு சாவியும் திறந்துவிட்டன. 617 இலக்கத்துக்கும் இதே வேலைதான். சாதாரண மடிக்கணினி நொடிப்பொழுதில் முடித்துவிடும்.

இரண்டு பகா எண்களும் மிக நெருக்கமாக இருப்பதும் கேடுதான். 10403-இன் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 102. 102-இன் வர்க்கம் 10404, வித்தியாசம் 1. அது 1-இன் வர்க்கம் என்பதால், 102-இலிருந்து 1-ஐக் கழித்தும் கூட்டியும் உடனே 101 × 103. அதனால்தான் 2048 பிட் சாவியில் இரண்டின் வித்தியாசம் 2-இன் 924-ஆம் அடுக்கைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தர விதி சொல்கிறது. பகா எண்ணை வேகமாகக் கண்டுபிடிக்க அதற்கு ஒரு குறிப்பிட்ட வடிவம் கொடுப்பதும் அப்படியே. அந்தக் குறுக்குவழியால் 2017-இல் எஸ்டோனியாவின் ஏறத்தாழ 7.5 லட்சம் அடையாள அட்டைகள் பாதிக்கப்பட்டன.

பகா எண் உருவாக்கும் நிரலை நீங்களே எழுதாதீர்கள், சோதித்துத் தேர்ந்த நிரல் நூலகத்தையே பயன்படுத்துங்கள். சிறு சாதனங்களில் முதல் துவக்கத்திலேயே சாவி உருவாக விடாதீர்கள். மெய்நிகர் கணினியின் நகலை எடுத்தால், புதியது இயங்கத் தொடங்கும் முன் பழைய எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) சாவிகளை அழித்துவிடுங்கள். நிறுவனத்தில் பல சாதனங்கள் இருந்தால் அவற்றின் பொதுச் சாவிகளைத் திரட்டி, இரண்டிரண்டாகப் பொது வகுத்தி பாருங்கள். 1-ஐத் தவிர வேறு எண் வந்தால் அந்த இரண்டு சாவியையும் அன்றே மாற்ற வேண்டும்.