சின்ன வண்டியில் நிறையச் சாமான்: எந்த எடை எங்கே உட்கார வேண்டும்?

சுசூகி ஜிம்னியின் மூன்று கதவு மாடலில் பின் சீட்டை நிமிர்த்தி வைத்தால் டிக்கியில் மிஞ்சுவது 85 லிட்டர் இடம். இரண்டு பை வைத்தால் நிரம்பிவிடும். சீட்டை மடக்கினால் 377 லிட்டர். டிக்கியை அளக்கும் சர்வதேச முறையில் 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரமுள்ள கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். நம்முடைய கூடாரமும் படுக்கையும் அடுப்பும் கட்டை மாதிரி அடங்கி உட்காராது என்பதால், கையில் கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவுதான். அதனால் இந்த மாதிரிக் குட்டி ஆஃப் ரோடு வண்டி வாங்கியவர்கள் முதலில் யோசிப்பது சாமான் இடத்தைக் கூட்டுவது பற்றித்தான். கூரையில் ரேக், உள்ளே இழுப்பறை, பின்னால் கேரியர் என்று வழிகளுக்குக் குறைவில்லை. ஆனால் இந்த வண்டிகளில் இடத்தைவிட முன்னதாகத் தீர்ந்துபோவது எடைக்கான அனுமதி.

ஜிம்னியையே எடுத்துக்கொள்வோம். வண்டியின் சொந்த எடை சுமார் 1,100 கிலோ. ஆட்களும் சாமானும் சேர்த்து அதிகபட்சம் 1,435 கிலோ வரை போகலாம் (நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும்). மிச்சம் 335 கிலோ. இரண்டு பெரியவர்களுக்கு 150 போனால் 185. இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச்சும் மாட்டினால் அவை மட்டுமே 60 கிலோவைத் தொட்டுவிடும். ஒரு பை கூட ஏற்றுவதற்கு முன்பே பாதிக்கு மேல் தீர்ந்தாயிற்று! ஆகவே இடம் கூட்டப் பொருத்தும் பெட்டியும் ரேக்கும் எவ்வளவு எடை என்பதை, எவ்வளவு இடம் தரும் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். 12 மி.மீ. பிளைவுட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ இருக்கும். இழுப்பறை அமைப்பு ஒன்றுக்கு இரண்டு மூன்று சதுர மீட்டர் தாராளமாகத் தேவைப்படும். அதன் மேல் இரும்புத் தண்டவாளங்கள் வேறு. இழுப்பறை பார்க்க அழகுதான். ஆனால் சின்ன வண்டிக்கு, சீட்டின் போல்ட் துளைகளில் இறுக்கிய ஒரு மெல்லிய தளமும், அதன்மேல் பட்டை போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பெட்டிகளும் போதும் என்பது என் கருத்து.

எடை எவ்வளவு என்பது பாதிக் கதைதான். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மீதிப் பாதி.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் வைத்த எடையை இரண்டும் பங்குபோட்டுக்கொள்ளும். பின் அச்சைத் தாண்டி வெளியே வைத்தால் கணக்கே மாறிவிடும். பின் அச்சு சீசா பலகையின் நடுக்கட்டை மாதிரி ஆகி, பின்னால் இறங்கும் எடை முன்பக்கத்தைத் தூக்கத் தொடங்கும். ஜிம்னியின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2,250 மி.மீ. பின் அச்சிலிருந்து 90 செ.மீ. தள்ளி, பம்பருக்குப் பின்னால் ஒரு கேரியரில் 40 கிலோ ஏற்றியதாக வைத்துக்கொள்வோம். பின் அச்சின் மேல் கூடுவது 40 அல்ல, 56 கிலோ. அந்தக் கூடுதல் 16 கிலோ முன் அச்சிலிருந்து வந்தது. ஸ்டியரிங் திருப்புவதும், பிரேக்கில் பெரும்பங்கும் முன் சக்கரங்களின் வேலை. மேடேறும்போது எடை தானாகவே பின்னால் சாயும். அந்த நேரத்தில் முன்பக்கம் இன்னும் லேசானால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. இதே 40 கிலோவை பின் அச்சுக்கு 20 செ.மீ. முன்னால் வண்டிக்குள்ளேயே வைத்தால், பின்னால் 36, முன்னால் 4 என்று பிரிந்துவிடும். சாமான் அதேதான், ஒரு மீட்டர் நகர்ந்ததில்தான் இத்தனை வித்தியாசம்.

பின் கேரியர் இன்னொரு விலையும் கேட்கும். பள்ளத்திலிருந்து ஏறும்போது பின்பக்கம் தரையில் இடிக்காமல் எவ்வளவு சரிவு வரை போகலாம் என்பதற்கு ஜிம்னியின் கணக்கு 49 டிகிரி. இதற்காகத்தான் அந்த வண்டிக்கு அவ்வளவு குட்டை வால். அச்சிலிருந்து 1.1 மீட்டர் வரை நீண்டு, தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் ஒரு கேரியர் வந்தால் அந்தக் கோணம் 28 டிகிரிக்கு இறங்கிவிடும். பின்கதவில் கேன் மாட்டுவதும் எனக்குப் பிடிக்காத வழி. அந்தக் கதவின் கீல்கள் ஏற்கெனவே ஸ்டெப்னியைச் சுமக்கின்றன. கரடுமுரடான பாதையில் ஒவ்வொரு குலுக்கலும் கீலைச் சுற்றிய தகட்டை வளைத்து வளைத்து விடுகிறது. அங்கேதான் நாளடைவில் விரிசல் தொடங்கும்.

சரி, கூரைக்கு வருவோம். இங்கே பேச வேண்டியது உயரத்தை. 1,100 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதி 70 செ.மீ. வண்டி விறைப்பான கட்டை என்றால் பக்கவாட்டில் 47 டிகிரி சாய்ந்தால்தான் கவிழும். இப்போது ரேக்கும் சாமானுமாக 50 கிலோவை 1.8 மீட்டர் உயரத்தில் ஏற்றினால் ஈர்ப்பு மையம் 70 செ.மீ. ஆகிறது, கவிழும் கோணம் 45. இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் உண்மை வண்டி விறைப்பான கட்டை அல்ல. சரிவில் நிற்கும்போது கீழ்ப்பக்க ஸ்பிரிங் அமுங்கும், டயர் பிதுங்கும், உடல் வெளியே சாயும். அதனோடு கீழ்ச்சக்கரம் ஒரு குழியில் இறங்கினால், அந்த இரண்டு டிகிரியை நம்பித்தான் வண்டி நிற்கும். அதே 50 கிலோ தரைத்தளத்தில் இருந்தால் ஈர்ப்பு மையம் ஏறவே ஏறாது.

சுசூகி ஜிம்னியின் கூரைக்குத் தந்திருக்கும் வரம்பு 30 கிலோ. அதில் ரேக்கின் எடையும் அடக்கம். ரேக்கே 20 கிலோ என்றால் மேலே பத்துக் கிலோதான் வைக்கலாம். நிற்கும் வண்டியின் கூரைக் கூடாரத்தில் ஆள் படுக்கலாம் என்பது வேறு விஷயம். ஓடும்போது ஒவ்வொரு மேடுபள்ளமும் அந்த எடையைப் பல மடங்காக்கிக் கூரையில் இறக்குகிறது. வரம்பு அதற்காகத்தான்.

கூரையில் காலி ரேக் வைத்தாலே ஊளைச் சத்தம் கேட்பதற்கும் ஒரு காரணம் உண்டு. உருண்டைக் கம்பியைக் கடக்கும் காற்று, கம்பிக்குப் பின்னால் மேலும் கீழும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கிறது. காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் நொடிக்கு எத்தனை சுழல் என்று வந்துவிடும். 25 மி.மீ. கம்பி, மணிக்கு 90 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 200. அந்த அதிர்வைத்தான் நாம் ஊளையாகக் கேட்கிறோம். கம்பியில் ஒரு கயிற்றைத் திருகுசுருளாகச் சுற்றிவிட்டால் சுழல்கள் ஒரே சீராக உதிர முடியாமல் சத்தம் அடங்கும்.

ஆக, கனமானது எல்லாம் உள்ளே, தரையோடு, முன்சீட்டுக்குப் பின்னால். தண்ணீருக்குத்தான் அந்த முதல் இடம்: 20 லிட்டர் என்றால் 20 கிலோ. பாதி காலியான பெரிய தொட்டியில் தண்ணீர் வளைவுகளில் மொத்தமாக ஒருபக்கம் பாயும் என்பதால் சின்னச் சின்னக் கேன்களே நல்லது. பெட்ரோல் கேன் மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே வேண்டாம்; ஆவி கசிந்தால் ஒரு பொறி போதும். படுக்கை, கூடாரம், துணிப்பை போன்ற லேசானவை மேலே போகலாம்.

உள்ளே வைத்தவற்றைக் கட்டாமல் விடக் கூடாது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், பத்துக் கிலோ பெட்டியைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 200 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். சாதாரண ரப்பர் வலை அதைத் தாங்காது. தரைச்சட்டத்தோடு போல்ட் போட்ட வளையங்களும், பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ராட்செட் பட்டையும்தான் தாங்கும். சீட்டின் முதுகு உயரத்துக்கு மேல் அடுக்குவதாக இருந்தால் இடையில் ஒரு இரும்புத் தடுப்பு அவசியம்.

பின்பக்கம் தாழ்ந்து ஹெட்லைட் வானத்தைப் பார்த்தால் கெட்டியான ஸ்பிரிங் போடுவார்கள். உயரம் திரும்பிவிடும், எப்போதும் அதே சுமையோடு ஓடும் வண்டிக்கு அது நல்லதும்கூட. ஆனால் 1,435 கிலோ என்ற வரம்பு ஸ்பிரிங்கால் மட்டும் வந்தது அல்ல. பிரேக், அச்சு, சக்கர பேரிங், சட்டம் எல்லாம் சேர்ந்து வந்தது. அவற்றில் எதையும் புது ஸ்பிரிங் மாற்றுவதில்லை. சுமையை இறக்கிய நாளில் அதே ஸ்பிரிங் வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடும்.

எல்லாம் பொருத்தி முடிந்ததும், தண்ணீர், எரிபொருள், ஆட்கள் சகிதமாக ஒரு எடைமேடைக்குப் போய்விடுங்கள். முதலில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு அளவு, அப்புறம் முழு வண்டி, அப்புறம் பின் சக்கரங்கள் மட்டும். அச்சுக்கான வரம்பு வண்டியின் கையேட்டிலோ கதவுச் சட்டத்துத் தகட்டிலோ இருக்கும். பின் அச்சு வரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் முதலில் தண்ணீர்க் கேனை முன்னால் நகர்த்திப் பாருங்கள், பின்னால் தொங்குவதை உள்ளே கொண்டுவாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் சாமானில் ஒன்றை இறக்க வேண்டியதுதான். கடைசியாக, அந்தச் சுமைக்குத் தகட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குப் பின் டயர்களில் காற்றடித்துவிட்டுக் கிளம்புங்கள்.